பாஸ்டிங் என்றால் நோன்புதானே?

இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்.

என் மனைவி ஜெஸீமா.

அவளுடைய மூத்த சகோதரி மசூதா ராத்தா. கையில் தஸ்பீஹ் மணிமாலை, மடியில் துணிப்பை.

ஒரு தயிர்ச் சட்டி. சம்மாந்துறை எருமைத் தயிர். ஸ்கேன் டொக்டருக்குக் கொடுக்க ராத்தா சுமந்து வந்தது. ஆளைப் போலத் தனிக் கதிரையில் உட்கார்ந்திருந்தது. ஆகையால் அதையும் சேர்க்கிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் அறையில் வேலை செய்யும் ஒரு பெண். எங்கள் பக்கத்துத் திருக்கோவில் ஊர்ப் பிள்ளை. பெயர் எழுதவில்லை. அவருடைய வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது.

இடம் கொழும்பு. ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளம். வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி.

அந்தப் பிள்ளை ஜெஸீமாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார். சின்ன மெசினில் வைத்தார். நம்பரைப் பார்த்தார். பிறகு ஜெஸீமாவைப் பார்த்தார்.

"அக்கா, பாஸ்டிங்லதானே வந்தீங்க?"

"ஓம் தங்கச்சி. நோன்போடதான் வந்திரிக்கன்."

"கடைசியா எத்தின மணிக்குச் சாப்பிட்டீங்க?"

"நாலரைக்கு. சஹருக்கு. நோன்பு தொடங்க முன்னம்."

"என்ன சாப்பிட்டீங்க?"

ஜெஸீமாவுக்கு மறைக்கத் தெரியாது. "சோறும் தயிரும். சீனி போட்டு. ரெண்டு கதலிப்பழம். மறுகா மூணு பேரீச்சம்பழம்."

அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்தார்.

பிழை யாருடையது? என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

பழைய வாசகர்களுக்கு ஜெஸீமாவைத் தெரியும். என் எழுத்தைத் திருத்துகிறவள் அவள்தான். அவள் ஒன்பது படித்தாள், நான் ஐந்து. நாலு வருடத்துக்கு முன் அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்ததை நான் இங்கே எழுதவில்லை. அவள் விடவில்லை. இப்போது அவளே எழுதச் சொன்னாள். "பொம்புளையள் வாசிக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் அனுமதி. அதற்கு மேல் கூட்டிச் சொன்னால் எனக்குச் சோறு இல்லை.

இடது மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, முளைத்தது. அந்த வருடம் ரமழான் முழுவதும் அவளால் நோன்பு பிடிக்க முடியவில்லை. முப்பதும் போனது.

விட்ட நோன்பை உடம்பு தேறிய பிறகு பிடித்து அடைக்க வேண்டும். கழா என்போம். ஜெஸீமா போன வருடம் தொடங்கினாள். திங்கள், வியாழன் பார்த்துப் பிடிப்பாள். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம் தின்று, விதையைக் கழுவி ஒரு ஜாம் போத்தலில் போடுவாள். விதை முப்பது ஆனால் கணக்குச் சரி. போத்தல் குசினி ஜன்னலில் இருக்கிறது.

அவள் இல்லாத நேரம் நான் அதை எண்ணுவேன். அவளுக்குத் தெரியாது. இன்று தெரிந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செக்கப் போவோம். அதில் ஒரு இரத்தப் பரிசோதனை. மார்க்கர் என்கிறார்கள். அவள் நம்பர் எப்போதும் இருபதுக்குக் கீழே. முப்பதைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள்.

ஒரு தடவை முப்பத்து நாலு வந்தது.

டொக்டர் கையால் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. மற்ற மார்புக்குப் படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. வயிற்றுக்கு ஸ்கேன்... ஒன்றுமில்லை. ஜெஸீமாவுக்கு நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வாசலைக் கூட்டுகிறாள், என்னை ஏசுகிறாள், இரண்டு ஆள் சோறு தின்கிறாள்.

ஆறு கிழமை கழித்து, ஒன்றரை மாதத்தில், திரும்ப எடுத்தார்கள். நாற்பத்து ஒன்பது.

எங்கள் டொக்டர் பொம்பிளை. அவசரப்படாத மனுசி. "இந்த நம்பர் ஏறினா நோய் திரும்பிட்டு எண்டு அர்த்தமில்ல. வேற காரணத்துக்கும் ஏறும். எல்லாருக்கும் இந்த டெஸ்ட் எடுக்கிறதும் இல்ல. ஆனா ஒரே பக்கமா ரெண்டு தரம் ஏறியிருக்கு. தேடிப் பார்ப்பம்" என்றார்.

நான் கடல்காரன். தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறினால் கீழே மீன் கூட்டம் என்று சொல்வோம். மீனைக் கண்ணால் கண்டதில்லை. கை தொட்டதில்லை. ஆனாலும் சொல்வோம். இரத்தத்துக்கும் அப்படி ஒரு நிறம் இருக்கிறதா? உடம்புக்காரிக்கே தெரியாததை ஒரு சின்னக் குப்பி இரத்தம் சொல்கிறதா?

அன்று வீட்டுக்கு வரும் வழி முழுவதும் நான் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். பயத்தில் என்று ஜெஸீமா நினைத்தாள். பயம் இருந்தது. ஆனால் பாதி ஆச்சரியம்.

கொழும்பில் முழு உடம்புக்கும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். பெட் ஸ்கேன். எங்கள் கிழக்குப் பக்கத்தில் அது இல்லை. பெயர் கொடுத்தோம். பதினைந்தாவது நாள் போன் வந்தது.

நான் அப்போது கரையில். எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் போன். "வியாழக்கிழமை, ஒன்பது மணி" கேட்டது. "பாஸ்டிங்ல வரணும்" கேட்டது. அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார்கள். எஞ்சின் விழுங்கிவிட்டது. நான் "ஓம், ஓம்" என்றேன்.

எஞ்சினை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏன்? எனக்குத்தான் அந்தச் சொல் தெரியுமே!

மகள் கட்டாரில் இருக்கிறாள். ரமழான் வந்தால் போனில் கேட்பாள்: "பாஸ்டிங் எப்படி வாப்பா?" நான் சொல்வேன்: "பாஸ்டிங் நல்லாப் போகுது மகள்." எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொற்கள் ஒரு கைவிரலுக்குள். அதில் ஒன்று ஆஸ்பத்திரியில் இருந்தே வந்தால் பெருமை இல்லாமல் இருக்குமா?

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"வியாழக்கிழமை. நோன்பு புடிச்சிட்டு வரட்டாம்."

ஜெஸீமாவின் முகம் தெளிந்தது. "மெய்யா? ஆஸ்பத்திரியிலயா சொன்னாங்க?"

"ஓம்."

"பாத்தீங்களா, அவங்களுக்கும் அல்லாஹ்ட பயம் இரிக்கி. வியாழனும்தான். போற வழியில கழாவும் ஒண்டு கழிஞ்சிரும்."

மசூதா ராத்தா மட்டும் கேட்டா: "ஸ்கேனுக்கு என்னத்துக்குப் புள்ள நோன்பு?"

"நோன்பாளி கேக்கிற துஆவ அல்லாஹ் கபூலாக்குவான்தானே ராத்தா" என்றாள் ஜெஸீமா.

நாங்கள் மூன்று பேர். அதற்கு மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சொல் எங்கள் வீட்டுச் சொல். வந்த இடம்தான் வேறு.

புதன்கிழமை பகல் வேனில் போனோம். ராத்தாவின் மகன் வாடகைக்கு இருக்கும் வீட்டில் தங்கினோம். தயிர்ச் சட்டி இரண்டு கொண்டுபோனோம். ஒன்று அந்த வீட்டுக்கு, ஒன்று டொக்டருக்கு. விடிய நாலரைக்கு ராத்தா எழுப்பி, "தெம்பு வேணும், தின்னு புள்ள" என்று கரண்டி கரண்டியாகச் சீனி போட்டா. ஜெஸீமா நோன்புக்கு நிய்யத்து வைத்தாள். அவள் தனியே பிடிப்பது சரியில்லை என்று நானும் வைத்தேன்.

இப்போது அடித்தளத்துக்கு வாருங்கள்.

திருக்கோவில் பிள்ளை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்.

"அண்ணன், பாஸ்டிங் எண்டா ஆறு மணித்தியாலம் சாப்பாடு இல்லாம வாறது. தண்ணி குடிக்கலாம். குடிக்கத்தான் வேணும். நல்லாக் குடிக்கணும். நீங்க தண்ணிய விட்டுட்டு, சீனியத் தின்னுட்டு வந்திருக்கீங்க."

தலைகீழ். சரியாகத் தலைகீழ்.

"இப்ப என்ன செய்யிற தங்கச்சி?"

"ஊசியில போடுற மருந்து, அதுவும் ஒரு சீனிதான், விடியச் செஞ்சது. அது காத்திருக்காது. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள பாதி செத்துப்போகும். உங்கள லிஸ்ட்ல கடைசிக்குத் தள்ளுறன். எல்லாரும் முடிய மருந்து மிஞ்சினா இண்டைக்கு. மிஞ்சாட்டி இன்னொரு நாள்."

"இன்னொரு நாள் எண்டா?"

"மூணு கிழமை ஆகலாம்."

மூன்று கிழமை. முப்பத்து நாலு நாற்பத்து ஒன்பதாக ஆறு கிழமை எடுத்தது. நான் படிக்காதவன். ஆனால் அந்தக் கணக்கு எனக்கு விளங்கியது.

"அக்கா இப்பவே தண்ணி குடிக்கத் தொடங்கணும். இந்தப் போத்தல் முடியணும்" என்று ஒரு லீட்டர் போத்தலைத் தந்துவிட்டு அந்தப் பிள்ளை உள்ளே போனார்.

ஜெஸீமா போத்தலை மடியில் வைத்தாள். மூடியைத் திறக்கவில்லை.

"குடி புள்ள" என்றா ராத்தா.

"கழா நோன்பு ராத்தா. தொடங்கினா சும்மா முறிக்கேலாது."

"சும்மாவா? நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திரிக்கான். ஊசியிலயும் சீனிதானாம் போடுற. எப்படியும் முறியத்தான் போகுது."

"ஊசி அவங்க போடுற. தண்ணி நான் குடிக்கிற."

"ரெண்டும் ஒண்டுதான். நீ நோயாளி."

ஜெஸீமா நிமிர்ந்தாள். சத்தம் போடவில்லை.

"நான் நோயாளியா இல்லையா எண்டு பாக்கத்தானே இஞ்ச வந்திரிக்கம்? இன்னும் பாக்கல்லயே. நோயாளி எண்டா குடிக்கன். இல்லாட்டி நோன்பு. எது எண்டு சொல்லுங்க."

யார் சொல்வது? ராத்தாவின் தஸ்பீஹ் நின்றுவிட்டது. தயிர்ச் சட்டிகூட என்னைப் பார்ப்பது போல இருந்தது.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. தண்ணீர் இல்லை பிரச்சினை. குடித்தால், நோய் திரும்பிவிட்டது என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி. மெசின் சொல்வதற்கு முதல் அவள் சொல்ல மாட்டாள். ஒரு தடவை நோயாளியாக இருந்து மீண்டவள். அந்தப் பெயரைத் திரும்ப எடுக்கச் சொன்னால்... சும்மா எடுப்பாளா?

மணி ஒன்பதே முக்கால். போத்தல் அப்படியே இருக்கிறது.

எனக்கு ஓதல் அதிகம் தெரியாது. ஆனால் நோன்பைப் பற்றி ஒரு சங்கதி சின்ன வயதில் பள்ளிவாசலில் கேட்டது. கடலுக்குப் போகிறவன் என்பதால் மறக்கவில்லை. சலுகை இரண்டு பேருக்கு. நோயாளிக்கு ஒன்று. பிரயாணிக்கு ஒன்று.

போத்தலை வாங்கினேன். மூடியைத் திறந்தேன். முதலில் நான் குடித்தேன். இரண்டு மிடறு.

"என்ன செய்றீங்க!" என்றாள் ஜெஸீமா.

"நாம எங்க இரிக்கம்?"

"கொழும்புல."

"நம்மட வீடு எங்க?"

"சாய்ந்தமருதுல."

"அப்ப பிரயாணி. நோயாளியாக் குடிக்காத. பிரயாணியாக் குடி."

அவள் என்னைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் இவன் ஒரு சரியான கதை கதைத்தான் என்பது போல ஒரு பார்வை. பிறகு போத்தலை வாங்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி, குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள்.

ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தா. "இந்த மனுசன் பிழையாக் கேட்டதுக்கு நமக்கு எத்தின மசாலா, எத்தின மார்க்கச் சட்டம்" என்றா. அது எனக்குத்தான். வாங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒருவர் உள்ளே போனால் எங்கள் மருந்தில் கொஞ்சம் குறைகிறது என்று நினைக்கத் தோன்றியது. அது கெட்ட நினைப்பு. அவர்களும் எங்களைப் போலத்தான் வந்திருக்கிறார்கள். நினைப்பை நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

பன்னிரண்டே காலுக்குக் கதவு திறந்தது. திருக்கோவில் பிள்ளை. "அக்கா, வாங்க. இருக்கு."

இருக்கு. ஒரு சொல். அல்ஹம்துலில்லாஹ்.

விரலில் திரும்பக் குத்தினார். நம்பர் இறங்கியிருந்தது. ஊசி போட்டார்கள். போட்ட பிறகு ஒரு மணித்தியாலம் தனி அறையில் அசையாமல் படுக்க வேண்டும். கதைக்கவும் கூடாது. வேலை செய்கிற சதை சீனியை இழுக்குமாம். கதைத்தால் தொண்டை இழுக்குமாம்.

ஜெஸீமா ஒரு மணித்தியாலம் கதைக்கவில்லை. கலியாணம் முடித்து முதல் தடவை. வெளியே இருந்த எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

அந்த நேரம் அந்தப் பிள்ளை வெளியே வந்து தேத்தண்ணி குடித்தார். நான் கேட்டேன். "தங்கச்சி, இது என்ன விளையாட்டு? சீனி தின்னக்கூடாதாம், மறுகா நீங்களே சீனி ஏத்துறீங்க?"

சிரித்தார். "அண்ணன், உடம்பு முழுக்கப் பட்டினி. அந்த நேரம் கொஞ்சமாச் சீனி குடுக்கிறம். அந்தச் சீனியில ஒளிர்ற சாமான் ஒண்டு ஒட்டியிருக்கு. நல்ல கலங்கள் ஆறுதலா எடுக்கும். கெட்ட கலத்துக்குப் பொறுமையில்ல. பாஞ்சு பாஞ்சு எடுக்கும். எடுத்தவன் மெசின்ல மினுங்குவான். சாப்பிட்டுட்டு வந்தா உடம்பு முழுக்கச் சீனி. ஆர் பாஞ்சவன் எண்டு தெரியாது."

எனக்கு ஒரு காட்சி ஞாபகம் வந்தது.

ரமழானில் எங்கள் பள்ளிவாசலில் கஞ்சிக் கோப்பையை வைத்துக்கொண்டு நூறு பேர் வரிசையாக இருப்போம். பாங்கு சொல்லவில்லை. எல்லாரும் பொறுமை. ஒருவன் மட்டும் கோப்பைக்குக் கை நீட்டுவான். பார்த்திருக்கிறீர்களா? நூறு பேருக்குள் அவன் தனியாகத் தெரிவான். பாங்கு சொன்ன பிறகு பார்த்தால் தெரியாது. எல்லார் கையும் கோப்பையில்தான்.

அவனைப் பிடிக்கத்தான் இந்த மெசின். பாங்குக்கு முதல் பாய்கிறவனை.

இதை யார் யோசித்தார்கள்? எந்த ஊர் மனுசன்? உடம்பைப் பட்டினி போட்டு, ஒரு சொட்டுச் சீனியைக் காட்டி, கள்ளனைத் தானாக வெளியே வர வைக்கிற வேலை. படித்தவர்கள் பெரியவர்கள்தான். அந்த மூளையைப் படைத்தவன் எவ்வளவு பெரியவன்? எனக்கு மேல்மயிர் நிமிர்ந்தது. பொய்யில்லை.

அதைச் சொன்னேன். பாங்கு, கஞ்சி, கை. அந்தப் பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கட சஷ்டி விரதத்திலயும் அப்பிடி ஆக்கள் இருக்காங்க அண்ணன். ஆனா நாங்க தண்ணி குடிப்பம். நோன்பு, விரதம், பாஸ்டிங்... மூணும் மூணு. இனி உங்கட பக்கத்து ஆக்கள் வந்தா முதல் கேள்வி, சஹர் சாப்பிட்டீங்களா எண்டுதான்."

போகும்போது ராத்தா தயிர்ச் சட்டியை அவரிடம் நீட்டினா. அவர் மறுத்தார். ராத்தா விட்டால்தானே? "நீ எங்கட ஊர்ப் புள்ள, புடி." அந்தச் சட்டி கடைசியில் டொக்டரிடம் போகவில்லை.

அன்று மஃரிபுக்கு ஜெஸீமா ஒரு பேரீச்சம்பழம் தின்றாள். விதையைக் குப்பையில் போட்டாள். "இது கணக்குல இல்ல" என்றாள்.

ஒன்பதாம் நாள் எங்கள் டொக்டர் கொம்பியூட்டரில் படத்தைக் காட்டினார்.

ஜெஸீமாவின் உடம்பு. சாம்பல் நிறம். மூளை ஒளிர்ந்தது. "அது எல்லாருக்கும் ஒளிரும். மூளைக்கு எப்பவும் பசிதான்" என்றார் டொக்டர். இருதயம் கொஞ்சம். சிறுநீர்ப்பை நிறைய. பிறகு... வலது பக்கம் ஒன்றுமில்லை. ஈரல் ஒன்றுமில்லை. எலும்பு ஒன்றுமில்லை.

இடது காறையெலும்புக்கு மேலே, கழுத்தடியில், ஒரு புள்ளி. பயறு அளவு.

நான் ஒலுவில் துறைமுகத்தில் இருந்து பல நாள் படகில் போன காலம், வீல் அறையில் ஒரு ஸ்கிரீன் இருக்கும். கடலுக்குக் கீழே மீன் இருந்தால் புள்ளி வரும். புள்ளி கண்டால் கூத்தடிப்போம். புள்ளி வரக்கூடாது என்று துஆக் கேட்டது அன்றுதான். வந்துவிட்டது.

ஜெஸீமா படத்தை நன்றாகப் பார்த்தாள்.

"ஒண்டுதானா டொக்டர்?"

"ஓம். ஒண்டு."

"தொட்டுப் பாத்தா தெரியல்லயே?"

"தெரியாது. எனக்கும் தெரியல்ல. அவ்வளவு சின்னன். இரத்தம் சொல்லாட்டி தேடியிருக்க மாட்டம். ஊசி குத்திப் பாத்து உறுதிப்படுத்தணும். பிறகு வைத்தியம்."

"சரி" என்றாள் ஜெஸீமா. "இப்ப நோயாளி. இனித் தண்ணி தாங்க, குடிக்கன்."

டொக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

ஊசி குத்தினார்கள். அதேதான். கதிர்வீச்சுப் பிடித்தார்கள். குடிக்கிற குளிசையை மாற்றினார்கள். அந்த மாதங்களில் நோன்பு வேண்டாம் என்றார்கள். போத்தல் ஜன்னலில் தூசு பிடித்தது. நான் ஒரு தடவை துடைத்தேன். எண்ணினேன். இருபத்து இரண்டு. அதே இருபத்து இரண்டு.

மார்க்கர் இறங்கியது. முப்பத்தெட்டு. பிறகு இருபத்தாறு. போன மாதம் பதினெட்டு. முழுக்கச் சுகம் என்று டொக்டர் சொல்லவில்லை. "பாத்துக்கொண்டே இருப்பம்" என்றார். அது போதும். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்கிற மெசின் இருக்கிறது. நோன்பு பிடிக்கலாமா என்று ஜெஸீமா கேட்டாள். பிடிக்கலாம் என்றார்.

பெண்களுக்கு ஒரு சொல். நோவில்லை என்று செக்கப்பை விடாதீர்கள். ஜெஸீமாவுக்கும் நோவில்லை.

ஆண்களுக்கு ஒரு சொல். ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தால் எஞ்சினை நிறுத்துங்கள்.

சென்ற வியாழன் பின்னேரம். பாயில் கஞ்சி, பேரீச்சம்பழம், தண்ணீர். ஜெஸீமா மடியில் கை வைத்திருந்தாள். பாங்கு தொடங்கியது. அவள் பாயவில்லை. ஆறுதலாக ஒரு பழத்தை எடுத்தாள், தின்றாள், விதையைக் கழுவினாள்.

அவள் தொழப் போனதும் போத்தலைக் கவிழ்த்து எண்ணினேன்.

இருபத்து மூன்று.